ஐந்தாவது பாட்டு

ஒரு வருடத்தின் நல்ல ஆல்பங்கள் எவை என்று கேட்டால், பெரும்பாலானோர் அந்த வருடம் ஹிட்டான பாட்டுகளைத்தான் அடுக்குவார்கள். பாட்டு வேறு, ஆல்பம் வேறு. ஒரே ஒரு பாட்டுக்காக விற்றுத் தீர்ந்த கேசட்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றில் மீதி என்ன இருந்தது என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. எல்லோருக்கும் தெரிந்த நாலு பாட்டை ஒதுக்கிவிட்டு, ஐந்தாவது பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அது நின்றால் ஆல்பம் நிற்கும்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். எனக்குப் பிடித்த வருடம் 1991. தமிழில் ஆல்பம் என்றாலே சினிமாப் படம்தான் என்றிருந்த காலம். ஒரு கேசட் வாங்கினால் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் இருக்கும். பிடிக்காத பாட்டைத் தாண்ட ஃபார்வர்டு பட்டனை அடிக்கடி அழுத்தினால் டேப் சிக்கிக்கொள்ளும். அதனால் ஜனங்கள் பேசாமல் முழுப் பக்கத்தையும் ஓடவிட்டார்கள். ஐந்தாவது பாட்டுக்கும் காது கிடைத்தது இப்படித்தான்.

அந்த வருடத் தீபாவளிக்கு, நவம்பர் 5 அன்று, தளபதியும் குணாவும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. தளபதியில் மொத்தம் ஏழு பாட்டு, எல்லாம் வாலி எழுதியவை. ‘ராக்கம்மா கையத் தட்டு’ பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். 2002ல் பிபிசி வேர்ல்ட் சர்வீஸ் நடத்திய உலக வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்த பாட்டு அது. ஆனாலும் அதன் நடுப்பகுதியை மட்டும் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். வயலின்கள் பாய்ந்து வந்து தொடங்கிவைத்த குத்தாட்டம் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே தாளம் அடங்குகிறது. பெண் குரல்களில் அப்பர் தேவாரம் எழுகிறது. அது முடிந்ததும், ஒன்றுமே நடக்காதது போல ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ரவுடிகள் ஆடும் தெருவும் கோயில் பிராகாரமும் ஒரே பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. வேறொருவர் கையில் இது ஒட்டுப்போட்டதாகத் தெரிந்திருக்கும். இங்கே தையல் எங்கே என்று தேடினாலும் கிடைப்பதில்லை.

சரி, ஐந்தாவது பாட்டுக்கு வருவோம். ‘ராக்கம்மா’, ‘சுந்தரி’, ‘காட்டுக்குயிலு’, ‘சின்னத்தாயவள்’ நான்கையும் தள்ளிவையுங்கள். மிச்சத்தில் மிதாலி பாடிய ‘யமுனை ஆற்றிலே’ இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட வராது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அகலக் கால் வைக்காமல், ராதையின் காத்திருப்பை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. யேசுதாசும் ஜானகியும் பாடிய ‘புத்தம் புது பூ’ இன்னொன்று. படத்திலேயே இடம்பெறாத பாட்டு. கேசட்டில் மட்டும் வாழ்ந்து, முப்பது வருடம் தாண்டியும் கேட்கப்படுகிறது. காட்சியின் துணையே இல்லாமல் ஒரு சினிமாப் பாட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே, இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

குணாவை 2024ல் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வந்த பிறகு புதிய தலைமுறையும் தேடிக் கேட்டது. அதுவும் ‘கண்மணி அன்போடு’ ஒன்றைத்தான். அந்தப் பாட்டு பேச்சிலிருந்து முளைக்கிறது. கமல் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, அந்தச் சாதாரண வாக்கியங்களை ஜானகி மெட்டாக்கிப் பாடுகிறார். எழுதத் தெரியாதவனுடைய தடுமாற்றம் வசனத்தில் இருக்கிறது, அவனுடைய அன்பு ராகத்தில் இருக்கிறது. ஆனால் குணாவை எனக்கு ஆல்பமாக ஆக்கியது, ஜானகி பாடும் ‘உன்னை நான் அறிவேன்’. இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டிய பாட்டு அது.

அந்த வருடம் ஒரு குரலின் வருடமும்கூட. சொர்ணலதாவுக்கு அப்போது 18 வயது. ‘ராக்கம்மா’வில் எஸ்.பி.பி.க்கு ஈடாக நின்றார். கேப்டன் பிரபாகரனில் ‘ஆட்டமா தேரோட்டமா’ அவருடையது. சின்னத்தம்பியில் ‘போவோமா ஊர்கோலம்’ பாடி தமிழக அரசின் விருது வாங்கினார். கம்பீரம், துள்ளல், குழைவு என்று மூன்று படங்களில் மூன்று குணம். 2010ல் 37 வயதில் போய்விட்டார் என்பதை இன்னும் ஏற்க முடியவில்லை. சின்னத்தம்பியின் ஐந்தாவது பாட்டு எது என்றால் அவருடைய ‘நீ எங்கே என் அன்பே’ என்பேன். ‘ஊர்கோலம்’ கேட்டவர்கள் அதையும் தேடிக் கேட்க வேண்டும்.

ராஜா இல்லாத ஆல்பமும் ஒன்று உண்டு. பாலசந்தரின் அழகன், இசை மரகதமணி. 2023ல் ‘நாட்டு நாட்டு’வுக்கு ஆஸ்கர் வாங்கிய கீரவாணிதான் தமிழில் இந்தப் பெயரோடு வந்தார். பாட்டுகள் புலமைப்பித்தன். ‘சங்கீத ஸ்வரங்கள்’ ஒரு ராத்திரி முழுக்க டெலிபோனில் பேசும் இருவரின் பாட்டு. ‘சாதிமல்லிப் பூச்சரமே’வைக் கேட்டவர்கள் ‘மழையும் நீயே’வைத் தவறவிட்டிருப்பார்கள். எஸ்.பி.பி. குரலை இறக்கி, காதுக்குள் சொல்வதுபோல் பாடியிருப்பார்.

இத்தனையிலும் என் முதலிடம் கோபுர வாசலிலே. பிரியதர்ஷன் எடுத்த படம், மலையாளத்தில் வந்த ‘பாவம் பாவம் ராஜகுமாரன்’ படத்தின் தமிழ் வடிவம். தளபதியின் வீச்சு இதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அளவுகோலை இதில் வைத்துப் பார்த்தால், ஐந்தாவது பாட்டு எது என்றே சொல்ல முடிவதில்லை. ‘காதல் கவிதைகள்’ என்பார் ஒருவர், ‘கேளடி என் பாவையே’ என்பார் இன்னொருவர். ‘தாலாட்டும் பூங்காற்று’தான் ஜானகியின் உச்சம் என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. ‘நாதம் எழுந்ததடி’யைக் கடைசியில் வைக்க எனக்கு மனம் வராது. படத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. பாட்டுகளை மட்டும் எந்த ஊர் டவுன் பஸ்ஸில் ஏறினாலும் கேட்கலாம்.

இதயம் எங்கே என்று கேட்பீர்கள். ‘பூங்கொடிதான்’, ‘இதயமே இதயமே’ இரண்டையும் நானும் விடாமல் கேட்பவன்தான். ஆனால் அந்த ஆல்பத்தைப் பற்றி நினைத்தால் எனக்கு நிற்பது எஸ்.பி.பி.யின் அந்த இரண்டு சோகம் மட்டுமே. அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியைக் கேட்டால் கை தானாகவே அடுத்த கேசட்டை எடுக்கப் போகிறது. அதனால் என் பட்டியலில் இதயத்துக்கு ஆறாவது இடம்.