இழப்புக்குப் பின் – 14: தபுதார நிலை

தொல்காப்பியத்தின் புறத்திணையியல், நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சித் திணையின் துறைகளைக் கூறும் இடத்தில், துணையை இழந்தோரின் நிலைக்குத் தனித்தனியே இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைக்கிறது. மனைவியை இழந்தவனின் நிலை தபுதார நிலை. கணவனை இழந்தவளின் நிலை தாபத நிலை. தபுதல் என்றால் இறத்தல், தாரம் என்றால் மனைவி; ஆகவே முதற்பெயர், மனைவி இறந்துவிட்டாள் என்ற செய்தியைச் சொல்லி அதோடு நின்றுவிடுகிறது. தாபதம் என்பதோ தவம் பூண்டோரின் வாழ்வைக் குறிப்பது. அப்பெயரில் கணவன் இறந்த செய்தியே இல்லை, இனி அவள் எப்படி வாழ வேண்டும் என்ற விதிதான் இருக்கிறது. ஒரே இழப்பில் ஆணுக்கு நேர்ந்தது பெயராகவும், பெண்ணுக்கு விதிக்கப்பட்டது பெயராகவும் நிலைத்த இந்த வேறுபாடு, இத்தொடரில் இதுவரை பேசப்பட்ட எதையும்விட ஆழமாக யோசிக்க வேண்டிய ஒன்றாகும்.

துக்கம் ஐந்து படிகளில் ஏறிக் கடக்கும் ஏணி அன்று என்பதும், எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அப்படிகளை முன்வைத்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான் என்பதும் முன்பே விளக்கப்பட்டவை. இவ்வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்த மறுமணம், இவ்விரு பெயர்களைப் பார்த்து முடித்த பின்பே வர முடியும்.

தாபத நிலையின் விதி எத்தகையது என்பதைப் புறநானூறு மிக அருகில் நின்று காட்டுகிறது. ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டில் பேசுபவள், இளமையில் தனக்குத் தழையாடையாக இருந்த அதே ஆம்பல், கணவன் மாய்ந்த பின் வேளை தவறி உண்ணும் புல்லரிசியாகிவிட்டது என்கிறாள். உடுத்தியதும் உண்பதும் ஒரே குளத்துச் செடியாக இருக்க, இடையில் மாறியது அவள் நிலை ஒன்றே. பூதப்பாண்டியனின் தேவியான பெருங்கோப்பெண்டு, 246ஆம் பாட்டில் நெய் தீண்டாத சோற்றையும், பாய் விரிக்காத பரற்கல் படுக்கையையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, இவ்வாழ்வைவிட ஈமத்தீயே மேல் என்று முடிவெடுக்கிறாள். அவளைத் தடுக்க முயன்ற சான்றோர் உயிரோடு இருக்கச் சொன்னார்களே தவிர, வாழத்தக்க ஒரு வாழ்வை அவளுக்குக் காட்டவில்லை.

தபுதார நிலைக்கு நேரான பாட்டு இவற்றுக்கு ஒன்று முன்பாக, 245ஆம் எண்ணில் இருக்கிறது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் அரசன் தன் மனைவி இறந்தபோது பாடியது அது. கள்ளி வளர்ந்த வெட்டவெளியில் விறகடுக்கி அவளை எரியில் கிடத்திய பின், தன் துயரம் எவ்வளவு பெரிதாயினும் தன் உயிரைப் போக்கும் அளவுக்கு வலிமை உடையதாக இல்லையே என்று அவன் வருந்துகிறான். அவள் போன பிறகும் தான் வாழ்ந்துகொண்டிருப்பதன் தன்மை அவனுக்கே விளங்கவில்லை. அப்பாட்டில் உணவு இல்லை, படுக்கை இல்லை, மறுநாள் என்பதே இல்லை. பெண்ணுக்கு மிகக் கொடிய வாழ்முறை ஒன்று விதிக்கப்பட்டிருக்க, அரசனாகவே இருந்தாலும் ஆணுக்கு எந்த வாழ்முறையும் சொல்லப்படவில்லை.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரூபே, ஹெங்க் ஸ்கூட் ஆகியோர் 1999இல் வெளியிட்ட இருவழிச் செயல்முறை மாதிரி உதவுகிறது. துணையை இழந்தவர் இறந்தவரை நினைந்து அழுவதையும் ஏங்குவதையும் அவர்கள் இழப்பு நோக்கு என்றும், சமையல், பணம், பிள்ளைகள், புதிய பொறுப்புகள் ஆகியவற்றில் ஈடுபடுவதை மீட்பு நோக்கு என்றும் பிரித்து, ஒரே நாளில் பலமுறை மனம் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடுவதே இயல்பான துக்கம் என்று கூறினர். பெருங்காய டப்பா எந்த அடுக்கில் இருக்கிறது என்று தேடும் கணவன் செய்வது வெறும் சமையல் அன்று. அதை அங்கே வைத்த கை இல்லை என்பதை அந்த நொடியில் அவன் மறுபடி அறிகிறான்.

ஸ்கூட்டும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வின் முடிவு இதனினும் முக்கியமானது. துணையை இழந்து துயர் தணியாதிருந்தவர்களுக்கு உணர்வுகளை வெளியிடச் செய்யும் ஆலோசனை, நடைமுறைச் சிக்கல்களைத் தீர்க்கச் செய்யும் ஆலோசனை என இருவகை அளித்துப் பார்த்தபோது, ஆண்களுக்கு முன்னதும் பெண்களுக்குப் பின்னதும் அதிகப் பயன் தந்தன. அதாவது, ஒவ்வொருவரும் தாம் பழகிய வழிக்கு எதிரான வழியிலேயே தேறினர்.

இம்முடிவைத் தமிழ்நாட்டுச் சாவு வீட்டின் அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய குறை புலப்படும். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். மனத்தில் கிடக்கும் அத்தனையையும் சொல்லி அழ அதைவிடச் சிறந்த முறையை வேறெந்தச் சமூகமும் கண்டிருக்குமா என்பது ஐயமே. ஆண்களோ பந்தல், பாடை, மயானச் செலவு என்று வாசலிலேயே நிற்கிறார்கள். கண் கலங்கினால் 'ஆம்பளை அழலாமா' என்ற குரல் வந்துவிடுகிறது. அழத் தெரிந்தவர்களுக்கு அழுகையும், அலையத் தெரிந்தவர்களுக்கு அலைச்சலும் கிடைக்கின்றன. அவரவருக்கு இல்லாததை யாரும் தருவதில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின் இக்குறை முழுமையாக வெளிப்படுகிறது. கணக்குப் புத்தகம் எங்கே, காப்பீட்டுத் தவணை எவ்வளவு, குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தப் படிவம் என்பவை எல்லாம் கணவனோடு போய்விட்ட வீட்டில், மகனோ கொழுந்தனோ நீட்டும் தாள்களில் அவள் கையெழுத்து மட்டும் இடுகிறாள். இது அன்பினால் செய்யப்படுவதே ஆயினும், தாபத நிலையின் இன்றைய வடிவம் இதுதான்: பரற்கல் படுக்கை போய்விட்டது, தன் வாழ்வைத் தான் நடத்தும் உரிமை இன்னும் வரவில்லை. மறுபுறம், மனைவியை இழந்தவர் ஒரே மாதத்தில் மருமகளின் சமையலுக்கு மாற்றப்பட்டு, சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு விடப்படுகிறார். இறந்தவளின் பெயரை அவர் முன் எவரும் எடுப்பதில்லை. அவர் மனம் நோகக் கூடாதென்று காக்கப்படும் அந்த மௌனமே அவரை மாக்கோதையின் வெட்டவெளியில் நிறுத்திவிடுகிறது.

வீட்டில் நேர்ந்த மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கருமாதிக்குப் பின் மீதமிருப்பவை ஐந்தே நாட்கள். அப்பதிவுக்கும், பின்னர் வாரிசுச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கும், வங்கிக்கும் செல்லும்போது அம்மாவையும் உடன் அழைத்துச் சென்று, படிவத்தை அவர் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள். அப்பாவிடம் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். அவர் அழுதால் எழுந்து போகாமல் அருகில் இருங்கள்.

மறுமணமும் 1856ஆம் ஆண்டின் இந்து விதவை மறுமணச் சட்டமும் அடுத்த வாரம்.