வீடு விற்கப் போறீங்களா? முதல்ல கேட்டைப் பாருங்க

அப்பா கட்டின வீட்டை விற்கணும்னு முடிவானதும், முழுசா பெயிண்ட் அடிக்கப் பர்சனல் லோன் வரைக்கும் யோசிக்கிறவங்க உண்டு. வேண்டாங்க. வாங்க வர்றவர் கண்ணுல முதல்ல படுறது கேட், காம்பவுண்டு சுவர், வாசல். பாசியைத் தேய்ச்சுக் கழுவுங்க. கேட்ல துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடிச்சு, மேல எனாமல். எமல்ஷன் முன்பக்கச் சுவருக்கு மட்டும் போதும்.

நான் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். ஈரம் கசிஞ்ச சுவர்லயே பெயிண்ட் அடிச்சேன். ஒரே மழை, கொப்பளிச்சு உரிஞ்சுடுச்சு. பார்க்க வந்தவர் "உள்ளே கம்பியும் துருப்பிடிச்சிருக்குமோ?"ன்னு கேட்டு, அங்கேயே விலையைக் குறைச்சார். மொட்டை மாடி விரிசலையும் மழைநீர்க் குழாயையும் சரி பண்ணி, சுவர் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் பிரஷ்ஷைத் தொடணும். ஐப்பசி, கார்த்திகையில இந்த வேலையே வேண்டாம்.

இன்னொண்ணு, வரி. பெயிண்ட், ரிப்பேர் செலவை மூலதன ஆதாயத்துல பொதுவா கழிக்க முடியாது. புதுசா காம்பவுண்டு சுவர் கட்டினா அது மேம்பாட்டுச் செலவு; பில்லைப் பத்திரமா வைங்க. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்த வீடுன்னா லாபத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினதுன்னா, இண்டெக்சேஷனோட 20%க்கும் கணக்குப் போட்டுப் பாருங்க. எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.