டிக்... டிக்... சொல்லும் குழாய்

காயலான் கடைக்குப் பழைய சாமான் வருகிறது. உடைத்தால் இரும்பு தனி, ஈயம் தனி. நல்ல காசு. 2010-ஆம் ஆண்டு தில்லியில் மாயாபுரி என்ற இடத்தில் அப்படித்தான் உடைத்தார்கள். அது தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவி. உள்ளே கோபால்ட்-60 என்ற பொருள் இருந்தது. அதிலிருந்து கதிர்வீச்சு வந்தது. தொழிலாளி ஒருவர் இறந்தார். வேறு சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. வாசனை கிடையாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கருவிகள் உண்டு. அவற்றில் ஒன்று கைகர் கருவி. ஜெர்மனியில் கைகர், முல்லர் என்ற இருவர் 1928-இல் செய்தது.

அதற்குள் ஓர் உலோகக் குழாய். குழாயின் நடுவில் மெல்லிய கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடாது. குழாயில் கொஞ்சம் வாயு அடைத்திருக்கும். கம்பிக்கும் குழாய்க்கும் பல நூறு வோல்ட் கொடுப்பார்கள். ஆனாலும் கரன்ட் ஓடாது. வாயு வழி விடாது.

கதிர் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? வாயு என்பது அணுக்களின் கூட்டம். அணுவில் எலக்ட்ரான் என்ற மிகச் சிறிய துகள்கள் உண்டு. கதிர் மோதி ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. கம்பி அதைத் தன் பக்கம் இழுக்கிறது. அது வேகமாக ஓடி மற்ற அணுக்களில் மோதுகிறது. அங்கேயும் எலக்ட்ரான்கள் கழல்கின்றன. ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கில் பெருகும். எலக்ட்ரானை இழந்த அணுக்கள் குழாய்ச் சுவரை நோக்கி நகரும்.

இந்த நகர்வுதான் கரன்ட். எலக்ட்ரான் கம்பியைத் தொட்ட பிறகுதான் கரன்ட் வரும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. துகள்கள் உள்ளே நகரும்போதே கம்பியில் கரன்ட் பிறந்துவிடும். அதுதான் ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்கிறது. கதிர் கூடினால் டிக்... டிக்... கூடும்.

கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் நம் ஹைதராபாத்திலேயே தயாராகின்றன. பஸ் போர்டில் 'ஈ.சி.ஐ.எல்.' என்று படித்திருப்பீர்களே, அந்தக் கம்பெனிதான் செய்கிறது. அது 1967-இல் தொடங்கிய அரசு நிறுவனம்.

இந்தக் கருவி எங்கே வைத்தாலும் அவ்வப்போது டிக் என்னும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் கொஞ்சம் கதிர் எப்போதும் வருகிறது. அதற்குப் பயப்பட வேண்டாம். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் உண்டு. அங்கே சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

காயலான் கடையில் இந்தக் கருவி இருக்காது. அதனால் ஓர் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு வட்டம், சுற்றி விசிறி போல மூன்று இறக்கைகள். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தின் மேல் இருக்கும். பழைய சாமானில் அந்தப் படம் இருந்தால் உடைக்காதீர்கள். விலகிப் போய்ப் போலீசுக்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக் கதவிலும் அதே படம் இருக்கும். அடுத்த முறை போகும்போது பாருங்கள்.