அடுத்த கூட்டம் வரை பொறுப்போம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களிலிருந்து களியக்காவிளைச் சந்தைக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். ஒரு நாள் பட்டியலோடு நின்றுவிடும் கை, இன்னொரு நாள் பட்டியலில் இல்லாத சேலையையும் எடுத்துவிடுகிறது. மாதச் சுழற்சியும் இதற்கு ஒரு காரணமாகுமா?

பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 443 பெண்களிடம் இதுபற்றிக் கேட்டறிந்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் திட்டமிடாத செலவு மிகுவதாக அவற்றில் தெரியவந்தது. அந்நாள்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் தாழ்கின்றன. சிலருக்குச் சோர்வும் எரிச்சலும் தோன்றுகின்றன. மனத்தைத் தேற்றவே கை பணப்பையை நாடுகிறது என்பது ஆய்வாளர் கருத்து. ஆயினும், பெண்கள் தாமே கூறியதை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு இது. எல்லாருக்கும் பொருந்துமென்று கொள்வதற்கில்லை. பெண்களிடம் வீட்டுக் கணக்கை ஒப்படைக்க மறுப்பதற்கு இதனைச் சான்றாக்குவதோ சற்றும் தகாது.

செலவேட்டில் மாதவிலக்கு நாளையும் குறித்துவந்தால், சில மாதங்களில் தத்தம் வழக்கம் தமக்கே புலப்படும். 1998-இல் கேரளத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் வாரந்தோறும் கூடிச் சிறுசேமிப்பைத் திரட்டுகின்றன. பட்டியலில் இல்லாத பொருளை அடுத்த கூட்டம் வரை ஒத்திவைப்போம். அப்போதும் அது வேண்டுமெனத் தோன்றினால், தயக்கமின்றி வாங்குவோம்.