நன்றி செலுத்துதல் (கிறித்தவம்)

கடவுளுக்கு நன்றி செலுத்துதல் கிறித்தவ வாழ்வில் நாள்தோறும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்றாகக் கருதப்படுகிறது. நன்மை கிடைக்கும்போது மட்டுமன்றி எல்லாச் சூழலிலும் நன்றி செலுத்துமாறு தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடலில் (5:18) பவுல் கூறுகிறார். துன்பமே நன்மை என்று நடிக்கும்படி அவர் கேட்கவில்லை.

செருமனியின் ஐலன்பர்க் நகரில் லூத்தரன் போதகராக இருந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649). முப்பதாண்டுப் போரின்போது, 1637இல், அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. அவர் 4,000க்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். இன்று பெருவிழாக்களில் ஒலிக்கும் அவருடைய நன்றிப் பாடல், முதலில் குடும்பத்தினர் உணவு மேசையில் சொல்லும் சிறு மன்றாட்டாகவே இருந்தது. கொள்ளைநோயைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் அந்த மேசையில் வைக்க உணவே அரிதாயிற்று.