பழைய கணினி, புதிய இயங்குதளம்: ஒரு மாரிகுப்பத்துப் பார்வை

தங்கத்தைப் பற்றி மாரிகுப்பத்துக்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, ஆரம்ப ஆண்டுகளில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கும் மேல் தங்கம் தந்த வயல் இது. கடைசியில் அது மூன்று கிராம் அளவுக்கு இறங்கி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கமே மூடப்பட்டது. ஆனால் ஒரு டன் பழைய கணினிச் சுற்றுப்பலகைகளில் சுமார் 200 கிராம் தங்கம் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கேட்டதும் நம்மவர்களுக்குக் கை பரபரக்கும். பரபரக்க வேண்டாம். ஒரு டன் பலகை சேர்க்க ஆயிரம் கணினிகளாவது உடைபட வேண்டும். ஒரு பெட்டிக்கு அரை கிராம்கூடத் தேறாது. அதையும் அமிலத்தில் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். சயனைடு மேட்டுத் தூசியைத் தலைமுறை தலைமுறையாக மூக்கில் வாங்கிய ஊருக்கு இன்னொரு விஷம் எதற்கு?

அந்தப் பெட்டியை உடைக்காமல் ஓட்டினால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் பேச்சு.

சுரங்கம் மூடிய பின்பு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களால்தான் இவ்வூரின் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. பெங்களூர் அலுவலகங்கள் சில வருஷத்துக்கொரு முறை கழித்துக் கட்டும் கணினிகள் எஸ்.பி. ரோடு கடைகளில் சல்லிசாகக் கிடைக்கின்றன. வாங்கி வந்து கூடத்தில் வைத்தால், பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, "மாமா, இதுல இன்னாத்த ஓட்றது? புது விண்டோஸ் ஏறவே ஏறாது" என்பான். அவன் சொல்வது பொய்யில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு பழைய பெட்டிகளில் கிடையாது. ஆக, பெட்டி சாகவில்லை. அதற்கு மருந்து தருகிறவர்தான் கடையை மூடிவிட்டார்.

குனு/லினக்ஸ் எப்படி இங்கே உதவுகிறது? இயங்குதளம் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் அடுக்குகள் உண்டு. அடியில் வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது கெர்னல். அதன்மேல் திரையில் நாம் காணும் மேசைத்தளம். விண்டோஸில் இவ்விரண்டும் சேர்த்துக் கட்டின மூட்டை. லினக்ஸில் தனித்தனி. ஷாஃப்டுக்கு மேலே நிற்கும் வைண்டிங் இன்ஜின் ஒன்றுதான். அதில் ஆளை இறக்குகிறோமா, பாறையை ஏற்றுகிறோமா என்பது நம் இஷ்டம். அதுபோல இன்றைய கெர்னலின் மேல் பளபளப்பில்லாத, எடை குறைந்த மேசைத்தளத்தை ஏற்றலாம். எல்எக்ஸ்டிஇ, எக்ஸ்எஃப்சிஇ, ஐஸ்டபிள்யூஎம் முதலியவை அப்படிப்பட்டவை. மூலநிரல் திறந்து கிடப்பதால், கம்பெனி கைவிட்ட ஒரு பழைய சில்லுக்கும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து ஆதரவு எழுதிக்கொண்டிருப்பார்.

என்றாலும் லினக்ஸ் என்றால் எதிலும் ஓடும், என்றைக்கும் ஓடும் என்று சிலர் பேசுவது மிகை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை எழுதத் தொடங்கியதே 386 சில்லு உள்ள கணினியில்தான்; அதே 386-ஐ 2013-இல் வந்த 3.8 பதிப்பு கைவிட்டது. டெபியன் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்புதான் அவற்றுக்குக் கடைசி. அதற்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியும் 32 பிட் லினக்ஸுக்கு 144-ஆம் பதிப்போடு கதவைச் சாத்திவிட்டது.

ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருஷப் பழசு என்பதல்ல. 64 பிட்டா, 32 பிட்டா என்பதே. 2006-இல் வந்த இன்டெல் கோர் 2 டுயோவும் அதற்குப் பிந்திய மேசைக்கணினிச் சில்லுகளில் பெரும்பாலானவையும் 64 பிட். அவற்றில் 2 ஜிபி நினைவகம் இருந்தால் இன்றைய டெபியன் 13 எல்எக்ஸ்டிஇயுடன் ஒழுங்காக ஓடும். 4 ஜிபி என்றால் தாராளம். பழைய வட்டை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி மாட்டினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பென்டியம் 4 வேறு கதை. பெரும்பாலும் 32 பிட், நினைவகம் 512 எம்பி, பழைய ஐடிஇ வட்டு. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 இதில் ஏறும். எழுதலாம், படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஆனால் மின்சாரத்தை நன்றாகக் குடிக்கும். காசு கொடுத்து பென்டியம் 4 வாங்காதீர்கள் என்பது என் கட்சி. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஓட்டுங்கள்.

நிறுவும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தூசி தட்டுவது முதல் வேலை. அந்தக் காலத்துப் பலகைகளில் மின்தேக்கிகள் தலை உப்பிக் கசிவது ஒரு தொற்றுநோய் போல இருந்தது. உப்பியிருந்தால் மாற்ற வேண்டும், சால்டரிங் தெரிந்தவருக்கு அரை மணி வேலை. அடுத்தது சிஆர்2032 என்னும் வட்டப் பேட்டரி. மலிவான சாமான், ஆனால் அது செத்தால் கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் 2002, 2003 என்று பின்னுக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2003-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை! எந்தத் தளமும் திறக்காது. 'லினக்ஸ் சரியில்லை' என்று பெட்டியை மூலையில் போட்டவர்களில் எத்தனை பேர் இந்தப் பேட்டரியால் ஏமாந்தார்களோ! பென் டிரைவிலிருந்து தொடங்கத் தெரியாத பழைய பலகையானால் குறுந்தகட்டில் எரித்துத்தான் நிறுவ வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கு? மலிவு ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் படிப்பது கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்கும் இடங்கள் கடைப் பலகையும் சினிமா போஸ்டருமாகச் சுருங்கிவிட்டன. தமிழ்நாட்டிலாவது அரசு கவனித்துக்கொள்ளும். எல்காட் நிறுவனம் 2006, 2007-ஆம் ஆண்டுகளில் சி. உமாசங்கர் பொறுப்பில் சூசே லினக்ஸுக்கு மாறியது. மாநிலத்துக்கு வெளியே நமக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் கட்டற்ற மென்பொருளுக்கு மாநில எல்லை கிடையாது. கேடிஇ மேசைத்தளத்தைத் தன்னார்வலர்கள் 2000-ஆம் ஆண்டை ஒட்டியே தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே; அதில் தமிழ் உண்டு. பெங்களூர் குரப்பனபாளையாவின் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் தொண்டர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்ற பெயரில், பழைய கணினிகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இது நம் ஊரிலிருந்து ஒரு ரயில் தூரத்தில் நடந்தது.

டெபியனில் தமிழைக் கொண்டுவருவது சுலபம். நிறுவும்போதே மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தால் பட்டிகள் பெருமளவு தமிழில் வரும். லோகித் தமிழ் எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ளலாம். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்னும் இரண்டு பொதிகள் போதும். அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை மூன்றும் உண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ்99-ஐயே பழக்குங்கள். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் யோசித்துத் தட்டுகிற பிள்ளை தமிழ் எழுத்தைக் கற்றதாகாது. தமிழ்99-இல் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரலே கற்றுக்கொள்ளும். சந்தேகம் வந்தால் 2012 ஜனவரி முதல் வரும் கணியம் மின்னிதழைப் பாருங்கள். லினக்ஸ் பற்றித் தமிழிலேயே எழுதுகிறார்கள், காசு கேட்பதில்லை.

யூடியூபும் வீடியோ அழைப்பும் பென்டியம் 4-இல் திணறும். அதற்குக் கைபேசி இருக்கிறது. உலாவி பழசாகிப்போன கணினியை இணையத்தில் விடாமல் இருப்பதே நல்லது. இணையம் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்கலாம். கிவிக்ஸ் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரே கோப்பாக இறக்கி, இணையமில்லாத கணினியில் படிக்க வைக்கும். அதை இறக்க நல்ல இணைப்பு ஒரு முறை வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் யாராவது ஒருவர் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ராத்திரி ரயிலில் ஏறினால், மாரிகுப்பத்தில் நாலு வீட்டுக்கு ஆகும்.