சைக்கிள் சக்கரம் ஆடுகிறதா? நட்டை முறுக்கினால் மட்டும் தீராது!

காலை ஷிப்ட் 6 மணிக்கு. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருந்து பீனியாவுக்கு ஒரு தொழிலாளி சைக்கிளில் கிளம்புகிறார். யஷ்வந்தபுரம் தாண்டியதும் பின்சக்கரத்தில் "டக், டக்" என்று சத்தம். பிரேக் கட்டை ஒரு பக்கமாக ரிம்மில் உரசுகிறது. இறங்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஆடுகிறது.

போன வாரம்தான் கடையில் கொடுத்து இறுக்கி வாங்கினார். அதற்கு முந்திய வாரமும் அப்படித்தான். கேட் மூடி விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு!

பீனியாவுக்கு 2014-ம் ஆண்டிலேயே மெட்ரோ ரயில் வந்து விட்டது. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறி விட்டார்கள். ஆனாலும் பால் ஊற்றுகிறவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், இரவுக் காவலாளிகள், பட்டறைக்குப் போகிறவர்கள் என்று பலருக்கு இன்றும் சைக்கிள்தான் கால். அந்தக் கால் வாரத்துக்கு ஒரு முறை நொண்டினால் என்ன செய்வது?

குடத்துக்குள் என்ன இருக்கிறது?

ஊரில் மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பதைக் குடம் என்பார்கள். சைக்கிளில் அதற்கு ஹப் என்று பெயர். போக்ஸ் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் இடம் அது. அதற்குள் அச்சு அசையாமல் நிற்கும். குடம் மட்டும் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் இரும்புக் குண்டுகள். கடைக்காரர்கள் பால்ரஸ் என்று சொல்வது இதைத்தான். சாதாரண சைக்கிளில் முன்சக்கரத்துக்கு ஒரு பக்கத்தில் 10 குண்டுகள், பின்சக்கரத்துக்கு ஒரு பக்கத்தில் 9 குண்டுகள் போடுவது வழக்கம். பின்சக்கரக் குண்டு கால் அங்குலம். முன்சக்கரத்தில் அதைவிடச் சின்னது.

குண்டுகளைத் தன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது கோன். அது அச்சின் மரையில் திருகி ஏற்றப்பட்டிருக்கும். கோன் நகர்ந்து விடாமல் அதன் முதுகில் இறுகி நிற்பது லாக் நட். அதற்கும் வெளியே, சக்கரத்தை பிரேமோடு பிடித்திருக்கும் பெரிய நட் வேறு.

அவசரத்தில் கடைக்காரர் முறுக்கி விடுவது பெரும்பாலும் இந்த வெளி நட்டைத்தான். உள்ளே கோன் பாட்டுக்குக் கழன்று கொண்டிருக்கும்.

இடது பக்கம் கழலும்

சைக்கிள் ஓடும்போது குண்டுகள் கோனையும் தங்களோடு இழுக்கப் பார்க்கும். வலது பக்கம் நின்று பார்த்தால் சக்கரம் கடிகார முள் போலச் சுற்றுகிறது. சாதாரண மரை இறுகுவதும் அந்தத் திசையில்தான். இடது பக்கம் வந்து நின்று பாருங்கள். அதே சக்கரம் எதிர்த் திசையில் சுற்றுகிறது. அது மரை கழலும் திசை!

ஆகவே லாக் நட் சரியாகப் பிடிக்காத சைக்கிளில் இடது கோன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். வலது பக்கத்தில் லாக் நட் பிடிக்காவிட்டால் இன்னும் மோசம். கோன் தானே இறுகிக் குண்டுகளை நசுக்கும்.

சில முன்சக்கரங்களில் தனி லாக் நட்டே இருக்காது. போர்க்கின் முனையும் வெளி நட்டும் சேர்ந்துதான் கோனைப் பிடித்திருக்கும். டயர் மாற்றுவதற்காக அந்தச் சக்கரத்தைக் கழற்றினாலே கோனின் அளவு கலைந்து விடும். "டயர் மாற்றிய நாளில் இருந்துதான் ஆடுகிறது" என்று பலர் சொல்வதில் பொய் இல்லை. திரும்ப மாட்டும்போது ஒல்லியான ஸ்பானரால் கோனைப் பிடித்துக் கொண்டுதான் வெளி நட்டை முறுக்க வேண்டும்.

இறுக்க இறுக்கக் கேடு

இனி ஆடவே கூடாது என்று கோனையே பலமாக இறுக்கி விடுகிறவர்களும் உண்டு. இரண்டு நாள் ஆடாது. மிதிக்கக் கனமாக இருக்கும், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் குண்டுகள் உருள இடம் இல்லாமல் கோனின் வழவழப்பான முகத்தில் குழி விழுந்து விடும். குழி விழுந்த கோன் பொடி விடும். அந்த இரும்புப் பொடி கிரீசில் கலந்து மற்றதையும் அரைக்கும். அப்புறம் எந்த அளவில் வைத்தாலும் சக்கரம் ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் ஆடும். சில ரூபாய்க் குண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை முழு ஹப்பைத் தின்று விடும். ஹப் போனால் சக்கரத்தையே பிரித்துப் புதிதாகக் கம்பி கோக்க வேண்டும். கூலி தனி.

மரையில் நூல் சுற்றி முறுக்குவது, உளியால் தட்டி மரையை நசுக்குவது போன்ற கைவைத்தியங்களும் நடக்கின்றன. நடுவழியில் நின்றவனுக்கு வீடு சேர அது உதவும். அதோடு விட்டு விட வேண்டும்.

எது ஆடுகிறது?

முதலில் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அச்சும் சேர்ந்து அசைந்தால் கோளாறு வெளி நட்டில். அச்சு நிற்க, ரிம் மட்டும் அசைந்தால் ஹப்பில். முன் பிரேக்கைப் பிடித்துக் கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது ஹேண்டில் அடியில் தட்டினால் ஹப்பின் மேல் பழி போட வேண்டாம். அது போர்க் கப்பின் ஆட்டம்.

பிரேக் கட்டை உரசுகிறது என்றதும் கம்பியைத் திருகிக் கோட்டம் எடுக்கத் தொடங்குவது பெரிய தவறு. ஹப் ஆடும்போது நேரான ரிம்மும் கோணலாகத்தான் தெரியும். ஆட்டத்தைச் சரி செய்யாமல் கோட்டம் எடுத்தால் நல்ல ரிம்மும் கெடும்.

பிரித்துத்தான் ஆக வேண்டும்

மாதம் இரண்டு முறை ஆடுகிற ஹப்பை வெளியே இருந்து சரி செய்ய முடியாது. பிரித்து, டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோனில் குழி இருந்தால் மாற்ற வேண்டும். மரை மழுங்கியிருந்தால் அச்சை மாற்ற வேண்டும். பழைய அச்சைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் வளைவு தெரிந்து விடும். கேரியரில் பால் கேன், காஸ் சிலிண்டர் ஏற்றுகிறவர்களின் பின் அச்சு பிரீவீல் பக்கத்தில் வளைவது சகஜம். வளைந்த அச்சில் எந்த லாக் நட்டும் தங்காது.

குண்டுகளை மொத்தமாக மாற்றுவதே நல்லது. பழசில் நாலு, புதுசில் ஐந்து என்று கலந்தால் பாரம் முழுவதும் புதுக் குண்டின் மேல் விழும். இடம் இருக்கிறதே என்று ஒரு குண்டை அதிகமாகத் திணிப்பதும் கூடாது. கோன் வாங்கப் போகிறவர் பழைய கோனைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் மரை மாறிய கோனோடு திரும்பி வர வேண்டியிருக்காது.

மாட்டும்போது பின்சக்கரத்தின் வலது கோனையும் லாக் நட்டையும் ஒன்றோடு ஒன்று மோத முதலில் இறுக்கி விட வேண்டும். அளவு வைப்பது இடது பக்கத்தில். கோனை விரலால் ஆட்டம் நிற்கும் வரை திருகி, பிறகு ஒரு இம்மி பின்னால் விட வேண்டும். லாக் நட்டை முறுக்கும்போது கோன் அந்த ஒரு இம்மி உள்ளே போகும் என்பதற்காகத்தான் இது. ஒல்லி ஸ்பானரால் கோனைப் பிடித்துக் கொண்டு லாக் நட்டைப் பலமாக இறுக்க வேண்டும். ஒரே ஸ்பானரை வைத்துக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர் கையில் சைக்கிளைக் கொடுப்பது வீண். "ஹப் சடில ஆகிதே" என்று கன்னடத்தில் சொன்னாலே கடைக்காரருக்குப் புரியும். கழற்றும்போது பக்கத்தில் நின்று கோனை வாங்கிப் பார்ப்பதில் தவறு இல்லை. நல்ல தொழில்காரர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

முன்சக்கரத்தில் வேலை சரியா என்று பார்ப்பது எளிது. சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி வைத்துக் கையை விட்டால், அந்தக் கனத்துக்கே சக்கரம் மெல்லக் கீழே இறங்கி, ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் போய் நிற்க வேண்டும். ரிம்மை ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது.

இரண்டு நாள் ஓட்டிய பிறகு லாக் நட்டை இன்னொரு முறை பார்த்துக் கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்றதல்ல. கடையில் கூட்டம் நெரியும். புதன், வியாழன் மாலையில் போனால் கடைக்காரர் நிதானமாகப் பிரித்துப் பார்ப்பார்.